வாசிக்கப்படாத மூன்றாம் ஓலை

மகனே,

எதை எழுத உட்கார்ந்தாலும் தாளின் தலையில் முதலில் ஒரு சிலுவை போடுவது நம் வீட்டுப் பழக்கம். மளிகைச் சீட்டுக்குக்கூட உன் அம்மா சிலுவை போட்டுவிட்டுத்தான் துவரம்பருப்பு அரை கிலோ என்று எழுதுவாள். இன்றைக்கு நான் போடவில்லை. மறதி என்று நினைக்காதே. பேனாவை வைத்தேன், கை வரவில்லை. நான் எழுதப்போகும் விஷயத்துக்கு மேலே அந்த அடையாளத்தை வைக்க எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. எழுபத்தோரு வயதில் இப்படி ஒரு கடிதம் எழுதுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். என் கோபம்தான் உனக்குத் தெரியுமே.

போன ஞாயிறு மாலை ஐந்தரைக்கு வழக்கம்போல நீ கூப்பிட்டாய். உன் மகன் திரையில் வந்து ஏதோ பிரெஞ்சில் சொல்லிவிட்டு ஓடினான். அடுத்த மாதம் அவனுக்கு நாலு வயது முடிகிறது. மாதாமாதம் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன். "பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்பப்பா?" நீ வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்னாய்: "அவன் பெரியவனாயி அவனே முடிவு பண்ணிக்கட்டும்பா. எனக்கும் ஞாயித்துக்கெழம ஷிஃப்டு, அவளுக்கும் ஷிஃப்டு. வாங்கப் பாக்கறமே, அந்த வீடு மட்டும் கெடச்சிடட்டும், அப்பறம் எல்லாம் பாத்துக்கலாம்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சாமிக்கு முன்னாடி வீடா?" என்றேன். அதற்கு நீ சொன்ன பதில் இந்த ஐந்து நாளாக என் காதிலேயே நிற்கிறது. "அப்பா, சாமியவிட பேப்பர் பெருசுன்னு எனக்குக் காட்டுனதே நீங்கதான். நான் அதத்தான் கத்துக்கிட்டேன். இப்ப வந்து மாத்திச் சொன்னா எப்படி?" கத்திச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அங்கே இன்றைக்கு மழை என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். பிள்ளைக்குப் பசிக்கிறது என்று போனை வைத்துவிட்டாய்.

நீ சொன்னது சரி. ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதியை ஏழு வருடமாக நான் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை எழுதத்தான் இந்தத் தாள். எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டால் நீ மேற்கொண்டு படிக்க மாட்டாய் என்ற பயத்தில் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். பொறுத்துக்கொள்.

உன் தாத்தா, என் அப்பா, பிரெஞ்சுக்காரன் காலத்து ஆபீஸ் ஒன்றில் பியூனாக இருந்தவர். வெள்ளைக்காரன் ஊரை முழுசாக எழுதிக் கொடுத்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் போய் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னார்கள். எனக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர், ஊர் வழக்கப்படி சொல்தா. அவர் முதல் ஆளாகப் போய்ப் போட்டுவிட்டு வந்து அப்பாவையும் கூப்பிட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, "நான் பொறந்தது இங்க, புதைக்கப் போறதும் இங்க, இன்னொரு தேசத்துக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டுவிட்டு, சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். அவ்வளவுதான். கையெழுத்து போடப்படவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் விமானத்தில் போனார்கள். விடுமுறைக்கு வரும்போது அவர்கள் மேல் வீசிய சோப்பு வாசனை எங்கள் வீட்டுச் சுவர் தாண்டி வரும். நான் அந்த வயதிலேயே என் அப்பாவை மனதுக்குள் திட்ட ஆரம்பித்தேன். அவர் சாகும்வரை நிறுத்தவில்லை. இன்றைக்கு யோசித்தால், அந்தத் தெருவில் தன் சாமியையும் ஒரு காகிதத்தையும் குழப்பிக்கொள்ளாத ஒரே மனிதர் அவர்தான் என்று படுகிறது.

அவர் போடாத கையெழுத்தை எப்படியாவது நான் வாங்கிவிடுவது என்று கிளம்பினேன். அந்த நீலநிறக் கோப்பு உனக்கு நினைவிருக்கும். தொசியே, தொசியே என்று நான் வீட்டில் கூவிக்கொண்டிருந்தது அதைத்தான். தாத்தாவின் பிறப்புச் சான்று, அவர் அப்பாவுடைய ஞானஸ்நானச் சான்று, செல்லரித்த வேலை உத்தரவு, எதையும் நான் விடவில்லை. இரண்டு முறை எழுதிப்போட்டு இரண்டு முறையும் இல்லை என்று பதில் வந்தது. அப்போதும் கோப்பை நான் பரணில் போடவில்லை. நம் ரெட்டியார்பாளையத்து வீட்டின் நடுக்கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படம் இருக்கிறதே, அதற்குக் கீழே பலகையில் வைத்து அதன் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஒட்டடை அடிக்கும்போது உன் அம்மா அதைக் கட்டில்மேல் எடுத்துப் போட்டால் வீடு இரண்டாகும். ஒருநாள், உனக்கு ஏழு வயது இருக்கும், குடும்ப ஜெபம் முடிந்ததும் கேட்டாய். "அப்பா, ஆண்டவருக்குக் கீழ என்னா வெச்சிருக்கீங்க?" நான் சொன்னேன், "அதான்டா நம்ம எதிர்காலம்." நீ எக்கி நின்று, கோயிலில் சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு முத்தி செய்வது மாதிரி அந்தக் கோப்பைத் தொட்டு உன் விரலை முத்தமிட்டாய். எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. உன்னைத் தூக்கிச் சுற்றினேன். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஜெபமாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அதன் முன்னால் நான் முழந்தாளிட்ட ஆயிரக்கணக்கான நாட்களில், எத்தனை நாள் ஆண்டவருக்கு முழந்தாளிட்டேன், எத்தனை நாள் அந்த நீல அட்டைக்கு முழந்தாளிட்டேன் என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கண்ணை மூடினால் படம் தெரியாது, அட்டைதான் தெரியும்.

பிறகு நீ வளர்ந்து, வேலைக்குப் போய், ஒருநாள் செலினைப் பற்றிச் சொன்னாய். பாடற்குழுவில் பழக்கம். உழவர்கரைப் பெண். அவள் அப்பா ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை பார்ப்பவர், கை முழுக்க சூட்டுத் தழும்பு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நல்ல பெண்ணாக வேறு இருந்து தொலைத்தாள். நிச்சயம் செய்தோம். ஓலை கொடுத்தோம். ஓலை என்றால் உனக்குத் தெரியும், உன் மகனுக்குத் தெரியாது, அவனுக்காகவும் எழுதி வைக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசை முடிவில், இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்யப் போகிறார்கள், இவர்கள் சேர ஏதாவது தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று கோயிலில் வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்தபோது நீ காது சிவந்து தலைகுனிந்து நின்றாய். இரண்டாவது வாசித்தபோது செலினின் அம்மா திரும்பி உன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

இரண்டாவது ஓலை வாசித்த அன்றைக்கே, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னைத் தூரத்து உறவுக்காரர் ஒருவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு சொல்தா வீட்டுப் பேத்தி, பிரெஞ்சு தேசத்திலேயே பிறந்த பெண், குடும்பமாக லீவில் வந்திருக்கிறார்கள், இங்கே நம் சனத்தில் பையன் தேடுகிறார்கள். "ஒங்க பையன்னா கண்ண மூடிக்கிட்டுக் குடுப்பாங்க. நேஷனாலிட்டி தானா வந்து சேரும். ரெண்டு ஓலதான வாசிச்சிருக்காங்க, தாலியா கட்டிட்டான்?" என்றார். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்றே நினைத்தேன். எந்த ஆண்டவர் ஒரு பெண்ணின் பெயரைத் தன் பீடத்தில் இரண்டு முறை வாசிக்கவிட்டு, பிறகு வாசலில் ஆள் அனுப்பி வேறு பெண் தருவார் என்று யோசிக்க எனக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

உன் அம்மா சொன்னாள்: "ஓல வாசிச்சாச்சுங்க. இனிமே அது நம்ம வீட்டுப் பேச்சு இல்ல. கோயில்ல வெச்ச வார்த்த." உனக்கு என்ன தெரியும் என்று நான் அவள் வாயை அடைத்தேன். நீயோ, "மாட்டேன்பா, செலினுக்கு நான் என்னான்னு சொல்றது?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் உன்னை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய் ஒன்று சொன்னேன். நீ மறந்திருக்க மாட்டாய். "அந்தப் பொண்ணப் பத்தி சாமியார்கிட்ட யாரோ தடை சொல்லியிருக்காங்கப்பா. என்னான்னு கேக்காத. பொம்பளப் புள்ள சமாச்சாரம். நீ போய்க் கேட்டா அது அசிங்கப்பட்டுப் போவும். அப்படியே விட்டுடு, அதான் அந்தப் புள்ளைக்கும் நல்லது." நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாய். அதற்குப் பிறகு மறுத்துப் பேசவே இல்லை. நான் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தாய்.

மகனே, சாமியாரிடம் யாரும் போகவில்லை. எந்தத் தடையும் யாரும் சொல்லவில்லை. செலினிடம் ஒரு குறையும் இல்லை. அது நான் மாடிப்படி ஏறும்போது யோசித்துக் கட்டிய பொய். சாமியாரிடம் நான் போய்ச் சொன்னது, குடும்பத்தில் ஒரு சங்கடம், ஓலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பது மட்டும்தான்.

அந்தப் பொய்யை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செலினின் அப்பா அதையும் கெடுத்தார். மூன்றாவது ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலையில், நீ வேலைக்குப் போன பிறகு, நம் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சண்டை போடவும் இல்லை. "அண்ணே, ஒங்க பையனுக்குப் பிடிக்கலன்னா பரவால்ல. ஆனா எங்க பொண்ணு பேரு கோயில்ல ரெண்டு தடவ வாசிச்சாச்சு. மூணாவது வாசிக்கலன்னா ஊரு என்னா நெனைக்கும்? யாரோ தடை சொல்லிட்டாங்க, பொண்ணுகிட்ட ஏதோ இருக்குதுன்னுதான நெனைக்கும்? பொண்ணால இல்ல, எங்க பக்கந்தான் நிறுத்திட்டோம்னு ஒரு வார்த்த நாலு பேருகிட்ட சொல்லிடுங்க. அது போதும்." நான் ஆகட்டும் என்றேன். சொல்லவில்லை. சொன்னால் உன் காதுக்கு வரும், என் மாடிப் பொய் உடையும். கோயில் வாசலில், கடையில், யார் யாரோ என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நான் மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டு, "அத விடுங்க" என்றேன். ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்க அதற்கு மேல் ஒன்றும் செய்யத் தேவையில்லை. அந்த சொல்தா வீட்டுப் பேத்தியோடு உன் கல்யாணத்துக்கு நம் கோயிலில் ஓலை வாசிக்காமல் இருக்க விலக்கு வாங்கினேன். வேறு கோயிலில் முடித்தேன். முடித்த கையோடு நன்றிப் பூசைக்கும் எழுதிக் கொடுத்தேன். எதற்கு நன்றி என்று போடட்டும் என்று பூசைக் கணக்கு எழுதும் கோயில்பிள்ளை கேட்டபோது, கேட்டது கிடைத்ததற்கு என்றேன்.

உன் மனைவியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவள் நல்ல பெண், இதில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை. கொடுத்த வாக்கை நீயும் என்னை மாதிரி உடைத்துவிடாதே. உன் கல்யாணத்தைக் கலைக்கவா எழுதுகிறான் கிழவன் என்று ஒரு நொடிகூட நினைக்காதே.

விக்கிரகம் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம் நான் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன், அது நம்மைப் பற்றி இல்லை என்று. நம் தெருமுனைப் பிள்ளையாரை நினைத்துக்கொள்வேன். பாவம், அவர் யார் குடியையும் கெடுக்கவில்லை. என் விக்கிரகத்துக்குத் தும்பிக்கையும் இல்லை, மாலையும் இல்லை. அது என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் மாதிரியே வந்தது. ஆண்டவரை விட்டுவிடு என்று ஒருநாளும் அது என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன். அது சொன்னதெல்லாம், அவர் எங்கே போய்விடப் போகிறார், கொஞ்சம் காத்திருக்கச் சொல், இது மட்டும் கிடைச்சிடட்டும் என்பதுதான். போன ஞாயிறு நீ வீட்டைப் பற்றிச் சொன்னபோது அதே வார்த்தை, அதே குரல். எனக்குக் கோபம் வந்தது உன்மேல் இல்லை என்று இப்போது புரிகிறது. என் குரலை உன் வாயில் கேட்டேன்.

கிடைத்ததோடு அது நிற்காது என்பதற்கு உன் அம்மாவின் சாவைவிட வேறு என்ன வேண்டும்? அவள் போன அன்று காலை நீ போனில் அழுதுகொண்டே, "இப்பவே கெளம்பறேன்பா, பொதைக்கறதுக்கு முன்னாடி மொகத்தப் பாத்துடணும்" என்றாய். மூன்றாம் நாள் உனக்கு நேஷனாலிட்டி நேர்காணல். வருடக்கணக்காகக் காத்திருந்த தேதி. நான்தான் சொன்னேன், "வராத. அந்தத் தேதிய உட்டா திரும்ப எப்பக் குடுப்பான்? அம்மாவும் இதத்தான் சொல்லியிருப்பா." அவள் சொல்லியிருக்க மாட்டாள். உன் முகத்தைப் பார்க்காமல் மூடாதீர்கள் என்று பெட்டிக்குள்ளிருந்து அவள் எழுந்து சொல்லாத குறை. செத்தவள் பெயரிலும் ஒரு பொய்யைச் சொல்லி உன்னைத் தடுத்தேன். எதிர்வீட்டுப் பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லறை வரை வந்தாள். மந்திரித்து மண் போடும் நேரத்தில் சிக்னல் போய்விட்டது. நீ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டது வரை கேட்டதாம். அன்றைக்குப் பூசையில் செலின் பாடினாள். அவள் அப்பா சவப்பெட்டியின் ஒரு பக்கத்தைச் சுமந்தார். இதை நான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

எது தெய்வம், எது விக்கிரகம் என்று பிரித்துப் பார்க்க எனக்கு இப்போது ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. கேட்கிறவன் கேட்டுக்கொள்ளட்டும். எதற்காக நீ கொடுத்த வார்த்தையை நிறுத்துவாயோ, எதற்காக உன் பூசையைத் தள்ளிப் போடுவாயோ, அதுதான் நீ கும்பிடுவது. வீடு கெட்டதில்லை. வேலை கெட்டதில்லை. அந்த நேஷனாலிட்டியும் கெட்டதில்லை, அது ஒரு காகிதம், அவ்வளவுதான். ஆண்டவருக்குப் பின்னால் அது நின்றிருந்தால் நம் வீட்டுக்கு நல்ல சாமானாக இருந்திருக்கும். நான் அதை முன்னால் நிறுத்தினேன். முன்னால் நின்றதும் அது ஆள் கேட்டது. முதலில் யாரோ வீட்டுப் பெண்ணைக் கொடுத்தேன். பிறகு உன் அம்மாவிடம் நீ விடைபெறுவதைக் கொடுத்தேன். கடைசியில் உன்னையும், உன் பிள்ளையின் தலையில் விழ வேண்டிய தண்ணீரையும் அது எடுத்துக்கொண்டது. நான் மெழுகுவர்த்தி ஏற்றி வளர்த்த சாமி அல்லவா, என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்கும்?

நீ போனை வைத்த பிறகு செவ்வாய்க்கிழமை உழவர்கரைக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நாலு முறை திரும்பிவிடலாமா என்று நின்றேன். செலின் ஆஸ்பத்திரியில் லேப் வேலை முடித்து வந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "உக்காருங்க மாமா" என்றாள். இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். மாடியில் உன்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "மூணு எடம் வந்துச்சு மாமா. மூணு பேரும் பங்குல விசாரிச்சிட்டு, ரெண்டு ஓலையோட நின்னு போச்சாமேன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போய்ட்டாங்க. நாலாவது வேணாம்னு நானே சொல்லிட்டேன்." மன்னித்துவிடு அம்மா என்று கைகூப்பினேன். "மன்னிக்கணும்னு தெரியும். நானும் கோயிலுக்குப் போறவதான். இப்ப வரல மாமா. வந்தா சொல்லியனுப்பறேன்." பிறகுதான் கேட்டாள். "அவருக்கு இது தெரியுமா?" தெரியாது என்றேன். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "மெசேஜ் போட்டன், போன் பண்ணன், ஒண்ணுக்கும் பதில் வரல. ஏன்னு ஏழு வருஷமா தெரியாது. என்னப் பத்தி என்னா நெனச்சிக்கிட்டுப் போனாருன்னு இப்பதான் தெரியுது. மொதல்ல அங்க சொல்லுங்க மாமா. எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

அங்கிருந்து நேரே பங்குத்தந்தையிடம் போனேன். இப்போது இருப்பவர் சின்ன வயதுக்காரர், அன்றைய கதை எதுவும் அறியாதவர். ஓலைக்கு ஒரு தடை சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "எந்தக் கல்யாணத்துக்குங்கய்யா?" என்று கேட்டார். ஏழு வருடத்துக்கு முந்தியது என்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு நோட்டை மூடினார். தடை பெண்ணிடம் இல்லை, என்னிடம்தான் இருந்தது என்று ஞாயிறு பூசையில் வாசியுங்கள் சாமி என்று கெஞ்சினேன். "இப்ப வாசிச்சா அந்தப் பொண்ணு பேரத்தான் மறுபடியும் எல்லார் வாயிலயும் போடுவோம். ஒங்களுக்குப் பாரம் எறங்கும், அவங்களுக்கு ஏறும். பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க. பையனுக்கு எழுதுங்க" என்றார். பண்ணினேன். மன்னிப்பு சொன்னார். ஆண்டவர் மன்னித்திருப்பார் என்று விசுவசிக்கிறேன், வேறு வழி இல்லை. ஆனால் எழுந்து வெளியே வந்தபோது உழவர்கரையில் துணி மடித்துக்கொண்டிருந்த கை அப்படியேதான் இருந்தது. செலினுக்கு இப்போது முப்பத்து மூன்று. அதை எந்தப் பாவசங்கீர்த்தனமும் இருபத்தாறு ஆக்காது.

இவ்வளவு நாள் ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். உன்னை இழந்துவிடுவேன் என்ற பயம். உன் அம்மாவும் போன பிறகு வாரத்துக்கு ஒருமுறை அந்தத் திரையில் உன் முகம் தெரிவதுதான் எனக்கு மிச்சம். மீதியையும் சொல்லிவிடுகிறேன். காலைப் பூசை ஆறு மணிக்கு, முட்டி வலியில் என்னால் போக முடிவதில்லை. மாலைப் பூசை ஐந்தரைக்கு. நீ கூப்பிடுவதும் ஐந்தரைக்கு. மதிய இடைவேளைக்கு நீ வீட்டுக்கு வருவது அப்போதுதான், நேரத்தை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருடமாக ஞாயிறு மாலை கோயில் மணி அடிக்கும்போது நான் போனைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்துகொண்டே உன்னிடம், பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்போது என்று கேட்கிறேன். உனக்கு நேஷனாலிட்டி வந்ததும் நீல அட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உன்னை வைத்தேன். அவ்வளவு பாசமா என்று நினைத்து உருகாதே. அது உனக்கும் நல்லதில்லை. ஒரு அப்பன் கும்பிட்டால் தாங்குகிற அளவுக்கு எந்தப் பிள்ளைக்கும் முதுகெலும்பு கிடையாது.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடு என்று நான் இனிமேல் கேட்கப் போவதில்லை. கேட்கிற வாயை நானே கெடுத்துக்கொண்டேன். ஆனால் நீ கும்பிடுவது எது என்று அவன் உன்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வான். நீ எக்கித் தொட்டு முத்தியது நான் காட்டியதைத்தான். அவன் எக்கித் தொடும் உயரத்தில் நீ எதை வைத்திருக்கிறாய் என்று ஒருநாள் நின்று பார். அதை மட்டும் செய். செலினுக்கு ஒரு வரி எழுதுவதா வேண்டாமா, உன் மனைவியிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் உன் முடிவு. எனக்காக எதையும் செய்யாதே.

இதைத் தபாலில்தான் போடப் போகிறேன். போனில் சொன்னால் உன் முகம் மாறுவதைப் பார்த்து நடுவில் மழுப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். உன் கைக்கு வர பத்து பன்னிரண்டு நாள் ஆகலாம். நீ பேச்சை நிறுத்திவிடலாம். நிறுத்தினால் உன்மேல் தவறு சொல்ல மாட்டேன். உன் வயதில் என் அப்பா எனக்கு இதைச் செய்திருந்தால் நான் அவர் சாவுக்குக்கூட வந்திருக்க மாட்டேன்.

வரும் ஞாயிறிலிருந்து ஐந்தரைக்குப் போனை வீட்டில், ஆண்டவர் படத்துக்குக் கீழே அந்தக் காலிப் பலகையில் வைத்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவேன். பூசை முடிவில் யாருக்காவது ஓலை வாசிப்பார்கள், தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நீ கூப்பிட்டாயா இல்லையா என்பதை வீட்டுக்குத் திரும்பி வந்துதான் பார்ப்பேன்.

உன் அப்பா